சங்க முத்திரை ஒட்டிய பதினோரு பலகைகள்

இர்மா வோன்ட்ராக் முப்பத்தொன்பது வயதுவரை தன்னை ஓவியர் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. விளம்பரப் பலகை எழுதுகிறவள் என்றுதான் சொல்வாள். சிகாகோவின் மேற்குப் பக்கத்தில் டுபேக் என்பவரின் பட்டறையில் இருபது வருடம் அந்த வேலையைச் செய்தாள். பட்டறையில் அவளுக்கு ஹாம்காரி என்று பெயர்.

பன்றித்தொடையைப் புகைபோட்டு எடுக்கும் அந்த ஹாமின் இளஞ்சிவப்பு நிறம் சுலபத்தில் பிடிபடாது. சிவப்பு கொஞ்சம் கூடினால் பச்சை இறைச்சி போல இருக்கும். வெள்ளை கூடினால் நாள்பட்ட சரக்கு என்று பார்ப்பவருக்குத் தோன்றும். இர்மா அந்தக் கலவையில் ஒரே ஒரு சொட்டுப் பச்சையை விட்டுக் கிண்டுவாள். எங்கிருந்தோ நிறம் சரியாக வந்து உட்காரும். நாற்பதடி அகலச் சுவரில் அவள் வரைந்த ஹாம் துண்டைப் பார்த்துவிட்டு டிராம் பிடிக்கப் போனவர்கள் இறைச்சிக் கடைக்குத் திரும்பியதாக டுபேக் வாடிக்கையாளர்களிடம் சொல்லி வந்தார். அதில் எவ்வளவு உண்மை என்று தெரியாது. ஆனால் இறைச்சிக் கம்பெனிகள் அவளைக் கேட்டு வாங்கின என்பது உண்மை.

அவள் இந்த வேலைக்கு வந்ததே போரால்தான். 1943இல் பட்டறை ஆண்கள் பாதிப்பேர் ராணுவத்துக்குப் போய்விட, பள்ளி முடித்த பெண்களை எடுத்துக்கொண்டார்கள். மற்றப் பெண்கள் போர் முடிந்ததும் கல்யாணம் ஆகிப் போனார்கள். இர்மா போகவில்லை. சங்க அட்டை வாங்கினாள், மாதச் சந்தா கட்டினாள், சாரத்தில் ஏறினாள். கல்யாணம் பற்றிக் கேட்டால், "அதுக்கும் ஒரு நாள் லீவு போடணுமே" என்பாள்.

சாரத்தில் நிற்கிறவருக்குத் தான் வரைவது என்னவென்று தெரியாது. மூக்குக்கு நேரே இரண்டு கை அகலத்துக்கு நிறம் மட்டும்தான் இருக்கும். கீழே தெருவின் எதிர்ப்பக்கம் ஒருவர் நின்று கையைக் காட்டி மேலே, கீழே, இன்னும் கொஞ்சம் என்று சொல்லவேண்டும். இர்மாவுக்கு அப்படிக் கை காட்டியவர் கஸ்மிர் வ்ரோனா. அவளைவிட ஆறு வயது மூத்தவர். இருவரும் பதினைந்து வருடம் ஒரே சாரம், ஒரே வண்டி, ஒரே வாளி.

1961 வசந்தத்தில் செர்மாக் சாலையில் ஒரு சுவருக்கு நான்கு நாள் செலவழித்து ஒரு ஹாம் வரைந்தாள். அது வழக்கத்தைவிட நன்றாக வந்திருந்தது. கொழுப்பின் ஓரத்தில் வெளிச்சம் விழுந்த இடம் அவளுக்கே பிடித்திருந்தது. மூன்றாவது வாரம் கம்பெனி விளம்பரத்தை மாற்றியது. அதே சுவரில் வெள்ளை அடித்து சோப்புப் பெட்டி வரையச் சொல்லி அவளையே அனுப்பினார்கள். இது புதிதல்ல. நூறு தடவைக்கு மேல் தன் வேலையைத் தானே அழித்திருக்கிறாள். அன்றும் அழித்தாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரரின் கார் கொட்டகையில் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி வந்த பழைய பலகை ஒன்றைச் சாய்த்து வைத்து, அந்த ஹாமை மறுபடி வரைந்தாள். இம்முறை கம்பெனி பெயர் இல்லை, விலை இல்லை. வெறும் ஹாம், ஆறடிக்கு எட்டடி. அடுத்த ஞாயிறு செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட ஓர் இனிப்பப்பம். அதற்கடுத்த மாதம் 'இன்று மட்டும்' என்ற எழுத்து மட்டும், மஞ்சளில் சிவப்பு, வேறு எதுவும் இல்லாமல். இரண்டரை வருடத்தில் பதினோரு பலகைகள் சேர்ந்தன.

ஒவ்வொன்றும் முடிந்ததும் வலப்பக்கக் கீழ் மூலையில் சங்க முத்திரையை ஒட்டினாள். கட்டைவிரல் அகலம், நீள்வட்டம், நீல நிறம், நடுவில் கிளையின் எண். சங்க உறுப்பினர் எல்லோரிடமும் அதில் ஒரு சுருள் இருக்கும். இந்த வேலையைச் சங்க ஆள், சங்கக் கூலிக்குச் செய்தார் என்று அதற்குப் பொருள். முத்திரை இல்லாத பலகையை வண்டிக்காரர்கள் ஏற்றமாட்டார்கள், மாட்டுகிறவர்கள் மாட்டமாட்டார்கள். அதனால் முத்திரை ஒட்டாத வேலை முடியாத வேலை என்பது அவர்கள் எல்லோருக்கும் கையில் ஊறிப்போன பழக்கம். சட்டையைப் போட்டால் பொத்தானையும் போடுவது போல. கொட்டகையில் இருந்த பலகைகளை யாரும் எங்கும் மாட்டப்போவதில்லை என்பது ஒட்டும்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

1963 ஜூன் மாதம், ஒன்டாரியோ தெருவில் ஓவியங்கள் விற்கும் ஒரு கேலரியின் கண்ணாடிக் கதவில் தங்கத் தகட்டால் பெயர் எழுத அவளை அனுப்பினார்கள். கேலரியின் சொந்தக்காரி லெனோர் ஃபெல்ஷ். மெலிந்த உடம்பு, கையில் எப்போதும் ஆறிப்போன காபி. உள்ளே சுவரில் நியூயார்க்கிலிருந்து வந்த ஓர் ஓவியம் மாட்டியிருந்தது, ஆளுயரத்துக்கு ஒரு ஹாட் டாக், ரொட்டிக்குள் இறைச்சிக் குழலும் மேலே கடுகுச் சாந்தும். இர்மா எழுதி முடித்துவிட்டு அதன் முன்னால் கொஞ்சநேரம் நின்றாள்.

"பிடிச்சிருக்கா?" என்று ஃபெல்ஷ் கேட்டாள்.

"கடுகுச் சாந்து சரியில்லைங்க. இது அறைக்குப் பூசற மஞ்சள். யாரும் தின்னமாட்டாங்க."

"இதைத் தின்னறதுக்காக வரையலையே."

"அப்ப எதுக்கு ஹாட் டாக்கை வரையணும்?"

ஃபெல்ஷ் சிரித்தாள். "நீங்க வரைவீங்களா?"

"வாரத்துல அஞ்சு நாள் வரையறேன். ஞாயித்துக்கிழமையும்தான்."

"ஞாயித்துக்கிழமை எதுக்கு?"

"வந்து பாத்துக்கங்க" என்று சொல்லி இர்மா முகவரியைக் கொடுத்தாள்.

ஃபெல்ஷ் வந்து பார்த்தாள். கொட்டகையில் மண்ணெண்ணெய் அடுப்புக்கும் பழைய டயர்களுக்கும் நடுவில் அரைமணி நேரம் நின்றாள். அக்டோபர் மாதம் பதினோரு பலகைகளும் ஒன்டாரியோ தெருவுக்குப் போயின. ஏற்ற வந்தவர்கள் ஹாமைப் பார்க்கவில்லை, செர்ரியைப் பார்க்கவில்லை. மூலையில் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். ஃபெல்ஷுக்கு அந்த முத்திரை மிகவும் பிடித்துப்போனது. ஓவியத்தின் ஒரு பகுதி என்றே நினைத்தாள். இர்மா அதைப் பற்றி யோசித்ததில்லை என்பதால் மறுக்கவில்லை.

கண்காட்சி தொடங்கி நான்காம் நாள் ஒரு செய்தித்தாளில் படம் வந்தது. ஹாமுக்குப் பக்கத்தில் இர்மா, வேலைச் சட்டையோடு. கட்டுரை எழுதியவர் 'அமெரிக்கச் சமையலறையின் நினைவுச்சின்னம்' என்றெல்லாம் எழுதியிருந்தார். பட்டறையில் அதைச் சத்தமாகப் படித்து எல்லோரும் சிரித்தார்கள்.

"நினைவுச்சின்னமே, அந்த வாளியைக் கொஞ்சம் எடு" என்றார் கஸ்மிர்.

"சின்னம் வாளி தூக்காது. நீங்களே எடுங்க."

அதே படத்தைச் சங்கச் செயலாளர் எம்மெட் டூமியும் பார்த்தார். அவர் கட்டுரையைப் படிக்கவில்லை. படத்தின் கீழ் மூலையை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். மறுநாள் காலை பட்டறைக்கு வந்துவிட்டார்.

டூமி கெட்டவர் அல்ல. கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. இருபது வருடத்துக்கு முன் பட்டறை ஆண்கள் முணுமுணுத்தபோது, பெண்களுக்கும் அதே கூலிதான் என்று டுபேக்கிடம் மேசையைத் தட்டி வாங்கிக்கொடுத்தவர் அவர்தான். இர்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பலகைங்க யாருக்காகப் போட்டது?"

"யாருக்காகவும் இல்லை."

"கூலி யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கலை. போட்டப்ப விக்கறதா எண்ணம் இல்லை."

"எந்த நாள்ல போட்டே?"

"ஞாயித்துக்கிழமைதான்."

டூமி கண்ணை மூடிக்கொண்டார். "இர்மா, ஞாயித்துக்கிழமை வேலைக்கு ரெட்டைக் கூலி. அதுக்காக நாம ஒன்பது வாரம் வேலைநிறுத்தம் பண்ணோம், நீயும் பனியில நின்னே. இப்ப கூலியே இல்லாம ஞாயித்துக்கிழமை வேலை பாத்து, அதுல நம்ம முத்திரையை ஒட்டி, பேப்பர்லயும் போட்டுக்கிட்டே. ஊர்ல இருக்கற முதலாளிங்க எல்லாம் என்ன சொல்வாங்க?"

இர்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"பழக்கத்துல ஒட்டிட்டேன்."

"அது எனக்குத் தெரியுது. அதான் வழி சொல்ல வந்தேன். செவ்வாய்க்கிழமை கூட்டத்துல இது வரும். எழுந்து நின்னு, இது சைன் வேலையே இல்லை, கடைக்குப் போடற பலகை இல்லை, வீட்ல சும்மா பொழுதுபோக்குக்குப் பண்ணதுன்னு சொல்லிடு. முத்திரையை எல்லாம் சுரண்டி எடுத்துடு. கண்டிச்சு ஒரு கடுதாசி குடுப்போம், அவ்வளவுதான். அட்டை உன்கிட்டயே இருக்கும்."

"அப்படிச் சொல்லலைன்னா?"

"சைன் வேலைன்னு சொன்னியானா, கூலியில்லாம பண்ண சைன் வேலை. அதுக்கு விதி இருக்கு. ஒரு வருஷம் அட்டை போயிடும்."

அட்டை இல்லாமல் சிகாகோவில் எந்தப் பட்டறையும் அவளைச் சேர்க்காது. வாடகையும் சாப்பாடும் அந்த அட்டையிலிருந்துதான் வந்தன. கண்காட்சியில் இதுவரை விற்றது ஒரே ஒரு பலகை.

அன்று மாலை ஃபெல்ஷிடம் போய்ச் சொன்னாள். முத்திரையைச் சுரண்டினால் ஐயோவாவில் ஓர் அருங்காட்சியகம் கேட்டிருக்கும் ஹாம் கைவிட்டுப் போகலாம் என்று ஃபெல்ஷ் பயந்தாள். முத்திரையோடு வந்த செய்தித்தாள் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் கேட்டிருந்தார்கள்.

"அதை விடுங்க, சுரண்டறது பெரிசில்லை, பிளேடு போதும்" என்றாள் இர்மா. "பொழுதுபோக்குன்னு சொல்லணுமாம்."

"சொல்லிடுங்க. ஒரு வார்த்தைதானே. யாரு கவனிக்கப்போறாங்க?"

"சங்கத்துல நாப்பது பேரு."

ஃபெல்ஷுக்கு அது புரியவில்லை. இர்மாவுக்கு விளக்கவும் தெரியவில்லை. பேருந்தில் வீட்டுக்கு வரும்போது அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கேட்க ஒன்றும் மோசமாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தபால்தலை சேர்க்கிறார், அவர் அதைப் பெருமையாகவே சொல்வார். தன்னால் மட்டும் ஏன் அப்படிச் சொல்லமுடியவில்லை என்று யோசித்தாள். கொட்டகைக்குப் போய் விளக்கைப் போட்டாள். பலகைகள் இருந்த இடம் காலியாக இருந்தது. தரையில் சிந்திய இளஞ்சிவப்பு சொட்டுகளுக்கு நடுவே அளவுக் கட்டம் கிழிக்க ஆரம்பித்திருந்த பன்னிரண்டாவது பலகை மட்டும் சாய்ந்து நின்றது.

நவம்பர் முதல் செவ்வாய் மாலை ஏழரைக்குச் சங்க மண்டபத்தில் கூட்டம். மடக்கு நாற்காலிகள், சிகரெட் புகை, பெரிய பாத்திரத்தில் காபி. கூட்டத்தில் மட்டும் உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் சகோதரர், சகோதரி என்றுதான் கூப்பிடவேண்டும். பிற்பகல்வரை ஹாம்காரி என்று கத்தியவர்கள் ஏழரைக்கு மேல் சகோதரி வோன்ட்ராக் என்பார்கள்.

டூமி குற்றச்சாட்டைப் படித்தார். பிறகு, யாராவது அந்தப் பலகைகளை நேரில் பார்த்தீர்களா என்று கேட்டார். முன்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"நான் என் மனைவியோட போனேன். வேலை சுத்தமா இருக்கு. ஹாம் நல்லா இருக்கு. பாத்துட்டு எனக்குப் பசி வந்துச்சு."

"உனக்கு எதைப் பாத்தாலும் பசி வரும், சகோதரரே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

"எந்தக் கம்பெனி ஹாம்?" என்று வேறொருவர் கேட்டார்.

"கம்பெனி பேரு இல்லை."

"அப்ப அது எதை விக்குது?"

"எதையும் விக்கலை."

"எதையும் விக்காதது எப்படி சைன் ஆகும்? அது படம்."

"இன்னொண்ணுல 'இன்று மட்டும்'னு எழுதியிருக்கே. அது படமா?"

"என்ன இன்று மட்டும்?"

"அதைத்தான் எழுதலை."

மண்டபத்தில் பத்து நிமிடம் இதுவே நடந்தது. எழுத்து இருந்தால் சைன் என்றார் ஒருவர். அப்படியானால் கல்லறைக் கல்லும் சைன்தானா என்று கேட்டார் மற்றவர். கடை இருந்தால்தான் சைன் என்று ஒருவர் சொன்னதும், கேலரியும் கடைதானே, அங்கே விற்கிறார்களே என்று கேள்வி வந்தது. விற்பது ஹாமை அல்ல, பலகையை என்றார்கள். டூமி சுத்தியால் மேசையைத் தட்டினார்.

"இதை நாம முடிவு பண்ண முடியாது. போட்டவங்களையே கேப்போம். சகோதரி வோன்ட்ராக், இது சைன் வேலையா, பொழுதுபோக்கா?"

கேள்வியை அவளுக்கு வசதியாகத்தான் வைத்தார். பதிலை மட்டும் எடுத்துச் சொன்னால் போதும். இர்மா எழுந்து நின்றாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை நான் பந்து உருட்டற பௌலிங் ஆட்டத்துக்குப் போறேன். அது பொழுதுபோக்கு" என்றாள். "மோசமா ஆடுவேன், கஸ்மிரைக் கேளுங்க. மோசமா ஆடினாலும் வீட்டுக்குப் போயி நல்லாத் தூங்குவேன். இந்தப் பலகைங்களை அப்படிப் போடலை. கட்டம் கிழிச்சு, அளவு வெச்சு, பட்டறையில எப்படிப் போடுவேனோ அப்படித்தான் போட்டேன். நிறம் சரியா வராத ரெண்டைத் துடைச்சுட்டு முதல்லேருந்து போட்டேன். எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலைதான், அதைத்தான் அங்கேயும் செஞ்சேன்."

"சகோதரி, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டூமி.

"யோசிச்சாச்சு. அது வேலை. எதை விக்குதுன்னு எனக்கும் தெரியலை. ஆனா வேலை."

டூமி காகிதத்தில் குறித்துக்கொண்டார். பிறகு, "கூலியில்லாத வேலை" என்றார்.

"ஆமா."

"ஞாயித்துக்கிழமை."

"ஆமா. முத்திரை ஒட்டினது என் தப்பு. அதைச் சுரண்டிடறேன்."

கைதூக்கி ஓட்டெடுத்தார்கள். அட்டையை ஒரு வருடம் நிறுத்திவைக்க இருபத்துமூன்று பேர், வேண்டாம் என்று பதினாறு பேர். இர்மா திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பார்த்துவிட்டாள். இருபத்துமூன்று கைகளில் ஒன்று கஸ்மிருடையது. மணிக்கட்டில் நீல எனாமல் கறை அப்படியே இருந்தது.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கஸ்மிர் தன் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏறு. பஸ்ஸுக்கு நிக்கப்போறியா?"

அவள் ஏறினாள். கார் இரண்டு தெரு தாண்டியது.

"கை தூக்கினேன்" என்றார் அவர்.

"பாத்தேன்."

"டுபேக்கைப் பத்தி உனக்குத் தெரியாதா? இர்மா ஞாயித்துக்கிழமை சும்மா வேலை பாக்கறாளே, உனக்கென்ன கஸ்மிர்னு நாளைக்கே கேப்பான். எனக்கு மூணு பசங்க. ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் அவங்களுக்கு என் முகம் தெரியுது."

"நீங்க தூக்கினது சரிதான். எனக்கு அங்க ஓட்டு இருந்தா நானும் தூக்கியிருப்பேன்."

அவர் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். கேலி செய்கிறாளோ என்று சந்தேகம். அவள் கேலி செய்யவில்லை.

"அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமில்லை?"

"சொல்லியிருக்கலாம். சொல்லிட்டா அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தக் கொட்டகைக்குள்ள போயி என்ன பண்ணறது? தபால்தலை ஒட்டறதா?"

கஸ்மிர் அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். அவள் இறங்கும்போது, "நான் சனிக்கிழமை போயி பாத்தேன், உன் பலகைங்களை" என்றார். "கூட்டத்துல சொல்லலை. ஹாமுக்கு இடதுபக்கம் கொஞ்சம் இருட்டு ஜாஸ்தி."

"அங்க விளக்கு சரியில்லை."

"விளக்கு சரியாத்தான் இருந்துச்சு. நீ கிட்ட நின்னு போட்டிருக்கே."

புதன்கிழமை பட்டறைக்குப் போய்த் தன் பிரஷ்களை எடுத்துக்கொண்டாள். வியாழனும் வெள்ளியும் கேலரியில் பிளேடை வைத்துப் பதினோரு முத்திரைகளையும் சுரண்டினாள். ஃபெல்ஷ் பார்க்கமுடியாமல் உள்ளறைக்குப் போய்விட்டாள். ஐயோவாக்காரர்கள் ஹாமை வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் மனம் மாறி செர்ரி அப்பத்தை வாங்கினார்கள். அந்தப் பணத்தில் குளிர்காலத்தை ஓட்டலாம் என்று இர்மா கணக்குப் போட்டாள். அதற்கு மேல் அவளுக்கு எந்த உறுதியும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு வழக்கம்போல எழுந்தாள். வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மதியத்துக்குக் கட்டிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துக்குப் பதிலாக மாடிப்படி இறங்கிக் கொட்டகைக்குப் போனாள். ஏழரைக்குப் பிரஷைக் கையில் எடுத்தாள். பகல் வெளிச்சத்தில் வாரநாளில் அந்தக் கொட்டகையை அவள் பார்த்ததே இல்லை. தூசி எவ்வளவு இருந்தது என்று அன்றுதான் தெரிந்தது. பன்னிரண்டு மணிக்கு அரைமணி நேரம் சாப்பாடு, நாலரைக்கு பிரஷைக் கழுவி வைத்தாள். செவ்வாயும் புதனும் அப்படியே. இடதுபக்கம் இருட்டாகிவிடாமல் இருக்க, பலகையை வாசலுக்கு இழுத்துவந்து சந்தின் மறுமுனைவரை போய்த் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் எழுபது அடி நடக்கவேண்டியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஃபெல்ஷ் தொலைபேசியில் கூப்பிட்டாள். நியூயார்க்கிலிருந்து ஒருவர் திங்கட்கிழமை வருகிறார், புதிய பலகை அதற்குள் தயாராகுமா என்று கேட்டாள்.

"இன்னும் ரெண்டு நாள் வேலை இருக்கு. புதன்கிழமை வரச் சொல்லுங்க."

"ரெண்டு நாள்தானே, சனி ஞாயிறுல முடிச்சுட முடியாதா?"

"முடியாதுங்க" என்றாள் இர்மா. "சனி ஞாயிறு லீவு."